புகையை அறியும் கண்: காட்டுத்தீயைக் காணப் பணியாளரைப் பயிற்றும் முறை

காட்டில் தீ மூண்டால் தொலைவிலிருப்போர்க்கு அதன் முதல் அறிகுறி சுடர் அன்று, புகையே ஆகும். சுடர் மரங்களுக்கிடையிலும் மேடுகளுக்குப் பின்னாலும் மறைந்து கிடக்கும். புகையோ மேலெழுந்து, பல மைல்களுக்கு அப்பால் இருப்போர் பார்வைக்கும் எட்டும். ஆதலால் காட்டைக் காப்போர் எக்காலத்தும் தேடி வந்தது புகையையே. மூண்ட சில நிமிடங்களில் கண்டுகொண்டால் ஒரு சிறு குழு மண்ணை வாரியிட்டும், பசுந்தழையால் அடித்தும் தீயை அடக்கிவிடலாம். அதே தீ, உலர்ந்த புல்லும் வறண்ட காற்றும் துணை செய்ய ஒரு மணி நேரம் வளர்ந்துவிட்டால், நூற்றுக்கணக்கான ஆட்களுக்கும் அடங்குவதில்லை.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் 2018-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் நிகழ்ந்தது இதற்குச் சான்று. மலைப் பள்ளத்தாக்கொன்றில், மின்கம்பியைத் தாங்கிய தேய்ந்த கொக்கி அறுந்ததால் காலையில் மூண்ட தீ, பலத்த காற்றில் பரவிச் சில மணி நேரத்தில் பாரடைஸ் என்னும் ஊரை அழித்தது. 85 பேர் மாண்டனர். 18,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. மூண்ட சிறிது நேரத்திலேயே இத்தீ அறிவிக்கப்பட்டது. ஆயினும் காற்றின் வேகம் அணைப்போரின் வேகத்தை விஞ்சிவிட்டது. கண்டறிதல் ஒன்றே தீயை அணைத்துவிடாது என்பதையும், ஒவ்வொரு நிமிடத்திற்கும் எத்தகைய விலை உண்டு என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே உணர்த்துகிறது.

அந்த நிமிடங்களை மீட்பதற்காக இன்று காமிராக்களும் கணிப்பொறிகளும் காட்டைக் காவல் புரிகின்றன. ஆனால் கணிப்பொறி பிறவியிலேயே புகையை அறிந்ததன்று. மனிதர் பார்த்துக் குறியிட்டுக் கொடுத்த படங்களிலிருந்தே அது கற்றுக்கொள்கிறது. குறியிடுவோர் எங்ஙனம் பயிற்றப்படுகின்றனர், அப்பயிற்சியில் எவ்விடத்தில் பிழை புகுகிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையுச்சிக் காவலர்

1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் ஐடாஹோ, மான்டானா மாநிலங்களில் மூண்ட பெருந்தீ, இரண்டே நாட்களில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் காட்டைக் கருக்கியது. அதன் பின்னர் அந்நாட்டு வனத் துறை மலையுச்சிகளில் காவற் கோபுரங்களை மிகுதியாக எழுப்பலாயிற்று. கோபுரத்தின் நடுவே ஒரு வட்டமான நிலப்படமும், அதன்மேல் சுழலும் குறிநோக்கியும் கொண்ட கருவி இருக்கும். வில்லியம் ஆஸ்பர்ன் என்னும் வனத் துறை ஊழியர் அமைத்த கருவி இது. புகையை நோக்கிக் குறிநோக்கியைத் திருப்பினால் அதன் திசை பாகைக் கணக்கில் கிடைக்கும். இரு கோபுரங்களிலிருந்து கண்ட திசைகள் நிலப்படத்தில் வெட்டிக்கொள்ளும் இடமே தீ மூண்ட இடம்.

கருவியைக் கையாள்வது எளிது. காவலர்க்கு அரிதாயிருந்தது, புகையைப் புகையென்று அறிவதே. மழை ஓய்ந்தபின் பள்ளத்தாக்குகளிலிருந்து சிறு சிறு மூடுபனித் திரள்கள் எழும். புதுக் காவலர் அவற்றைப் புகையென எண்ணி ஏமாறுவர். அனுபவமிக்க காவலர் இத்திரள்களுக்கு ‘நீர்நாய்கள்’ என்று விளையாட்டாகப் பெயரிட்டிருந்தனர். நல்ல காவலர் தம் பார்வைக்குட்பட்ட பிரதேசத்தில் எந்த ஆலையில் புகைபோக்கி உண்டு, எந்தச் சாலையில் புழுதி எழும், எந்த ஓடையில் பனி படியும் என்பவற்றையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பார். வழக்கமானதை அறிந்தவர்க்கே வழக்கத்திற்கு மாறானது புலப்படும்.

காமிராவும் கணிப்பொறியும்

மனிதர் அமர்ந்த உச்சிகளில் இன்று காமிராக்கள் அமைந்துள்ளன. சான்டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் நடத்தும் ‘அலர்ட் கலிபோர்னியா’ என்னும் அமைப்பில் 1,000-க்கு மேற்பட்ட காமிராக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 நிமிடத்திற்கு ஒரு முறை முழு வட்டமாகச் சுழன்று, ஒரு சுற்றில் 12 படங்களை எடுக்கிறது. தெளிந்த பகலில் 60 மைல் தொலைவு வரை இவற்றின் பார்வை செல்லும். இரவில் அகச்சிவப்பை ஒட்டிய கதிர்களின் துணையால் அதனினும் மிகுந்த தொலைவை எட்டும்.

இவ்வளவு படங்களையும் மனிதர் பார்த்துத் தீர்த்தல் இயலுமா? ஒரு காமிரா மணிக்கு 30 சுற்று, நாளொன்றுக்கு 720 சுற்று எனக் கொண்டால், 8,640 படங்கள் ஆகின்றன. ஆயிரம் காமிராக்களுக்கு நாளொன்றுக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் படங்கள். ஆகவே கணிப்பொறியின் உதவி அவசியமாயிற்று. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் கலிபோர்னியாவின் மாநிலத் தீயணைப்புத் துறை இதற்கான செயற்கை நுண்ணறிவு ஏற்பாட்டைச் சோதனையாகத் தொடங்கியது. முதல் இரண்டு மாதங்களில், பொதுமக்களின் தொலைபேசி அழைப்பு வருமுன்னரே 77 தீ நிகழ்ச்சிகளை அது காட்டிக்கொடுத்தது. அவற்றுள் ஒன்று, சான்டியாகோவுக்குக் கிழக்கேயுள்ள கிளீவ்லாந்து தேசியக் காட்டில் அதிகாலை 3 மணிக்கு மூண்டது. ஊரெல்லாம் உறங்கிய அந்நேரத்தில் எச்சரிக்கை பெற்ற அதிகாரி ஆட்களை அனுப்பினார். 45 நிமிடங்களில் தீ அணைக்கப்பட்டது.

எனினும் ஒரு கணக்கை மறத்தலாகாது. பத்தாயிரம் படங்களுக்கு ஒன்று வீதமே இயந்திரம் தவறாகப் ‘புகை’ எனக் கூவுவதாகக் கொள்வோம். மேற்கூறிய எண்ணிக்கையில் நாளொன்றுக்கு 864 பொய் எச்சரிக்கைகள் எழும். பலமுறை ஏமாந்த அதிகாரி உண்மையான எச்சரிக்கையையும் அசட்டை செய்யக்கூடும். பொய்க்கு அஞ்சி இயந்திரத்தை மிகவும் அடக்கிவைத்தாலோ, உண்மைப் புகை தப்பிவிடும். இவ்விரு பிழைகளையும் ஒருங்கே குறைக்கும் வழி ஒன்றே: கணிப்பொறிக்குப் பாடமாக வைக்கப்படும் படங்களில் குறி சரியாக இருத்தல் வேண்டும்.

தென் கலிபோர்னியாவில் நிலையான காமிராக்கள் எடுத்த ஏறத்தாழ 25,000 படங்களைக் கொண்ட தொகுப்பொன்று 2022-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்களால் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு தீக்கும் அது மூளுமுன் 40 நிமிடங்களும், மூண்டபின் 40 நிமிடங்களும் நிமிடத்திற்கு ஒன்றாக எடுத்த படங்கள் அதில் வரிசையாக உள்ளன. ஒரே மலை, ஒரே கோணம், ஒரே நாள். மாறியது புகை ஒன்றே. கணிப்பொறிக்கும் மனிதர்க்கும் இதனினும் நல்ல பாடப் புத்தகம் அமைவது அரிது.

குறியிடுவோர் யாவர்?

இலட்சக்கணக்கான படங்களுக்குக் குறியிடுதல் நிபுணர் சிலரால் முடிவதன்று. ஆதலால் இணையத்தின் வழியே பலருக்கும் இப்பணியைப் பகிர்ந்தளிக்கும் வழக்கம் தோன்றியுள்ளது. அமேசான் நிறுவனம் 2005-ஆம் ஆண்டு தொடங்கிய தளம் இவற்றுள் முற்பட்டது. தம் வீட்டிலிருந்தே கணிப்பொறியில் ஒரு படத்தைப் பார்த்து, கேட்ட கேள்விக்கு விடையளித்து, படத்திற்கு இவ்வளவு எனக் கூலி பெறுவோர் இதில் பணிபுரிகின்றனர். அத்தளத்தின் பெயர், 1770-ஆம் ஆண்டு வியன்னாவில் காட்டப்பட்ட சதுரங்க இயந்திரத்தின் நினைவாக இடப்பட்டது. துருக்கியர் உருவில் அமைந்த அந்தப் பொம்மை தானே ஆடுவதுபோல் தோன்றும். உண்மையில் பெட்டிக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருந்து ஆடினார்.

இப்பெயர் பொருத்தமானதே. இயந்திரத்தின் அறிவு எனக் கருதப்படுவதற்குள் மனித அறிவு ஒளிந்திருக்கிறது. பொருள்களை அடையாளம் காணக் கணிப்பொறியைப் பழக்கிய ‘இமேஜ்நெட்’ என்னும் தொகுப்பில் 1 கோடியே 40 லட்சத்திற்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பணியாளர் அதற்கு உழைத்தனர். இத்தகைய பணியாளருள் அமெரிக்கர்க்கு அடுத்தபடியாக இந்தியரே மிகுதி என 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஆகவே கலிபோர்னியாவின் மலைப்படம் ஒன்றில் புகை உண்டா என்று கேட்கும் கேள்வி, அம்மலையைக் கனவிலும் கண்டிராத ஒருவரின் முன் வந்து நிற்றல் கூடும். அவருக்குக் கண் உண்டு, அறிவும் உண்டு. அப்பிரதேசத்தின் வழக்கம் மட்டுமே தெரியாது. அந்தக் குறையை நிரப்புவதே பயிற்சியின் வேலை.

புகையின் இலக்கணம்

மரம், நாற்காலி, பசு ஆகியவற்றுக்கு வரம்பான உருவம் உண்டு. புகைக்கு உருவம் இல்லை, நிறமும் நிலையன்று. புகையிலுள்ள நுண்துகள்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. ஆதலால் இருண்ட மலைச் சரிவைப் பின்புலமாகக் கொண்ட மென்புகை நீலமாகத் தோன்றும். அதே புகை மலை விளிம்பைக் கடந்து ஒளி மிகுந்த வானத்தின் முன் நிற்கையில், நீலம் குறைந்த ஒளியே அதனூடே வருவதால் பழுப்பாகத் தோன்றும். ஈரப்பசையுள்ள தழை எரிந்தால் வெண்புகையும், பிசின் மிகுந்த விறகு எரிந்தால் கரும்புகையும் எழும். எனவே ‘புகை சாம்பல் நிறமானது’ என்று மட்டும் கற்பித்தால் பணியாளர் பாதிப் புகையைத் தவறவிடுவர்.

நிறத்தைக் காட்டிலும் நடத்தையே நம்பத்தக்கது. கீழ்வரும் ஐந்து கேள்விகள் பயிற்சிக்கு அடிப்படையாக அமையத்தக்கவை.

முதலாவது, அதற்கு அடி உண்டா? புகை தரையில் ஓரிடத்தில் குறுகித் தொடங்கி, மேலே செல்லச் செல்ல விரியும். மேகத்திற்கு அடி இல்லை. அடி ஒரு மேட்டின் பின்னால் மறைந்திருப்பினும், புகை அம்மேட்டின் விளிம்பில் ஓரிடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, அந்த அடி நிலைத்து நிற்கிறதா? முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் மேகம் முழுவதுமாக நகர்ந்திருக்கும். வண்டி எழுப்பிய புழுதியின் அடி சாலை வழியே முன்னேறியிருக்கும். புகையின் அடி இடம் பெயராது.

மூன்றாவது, அது வளர்கிறதா? காலையில் பள்ளத்தில் கிடக்கும் மூடுபனி வெயில் ஏற ஏறக் கரையும். தீயின் புகை வெயில் ஏற ஏறப் பெருகும்.

நான்காவது, அது எங்ஙனம் முடிகிறது? நீராவி சிறிது தூரத்தில் காற்றில் கரைந்து, திடீரென மறையும். புகையிலுள்ள துகள்கள் ஆவியாவதில்லை. ஆகவே அது நெடுந்தூரம் இழைந்து மெல்ல மெலியும்.

ஐந்தாவது, நேற்று இதே நேரத்தில் அது அங்கே இருந்ததா? கலிபோர்னியாவின் வடபகுதியில் ‘கீசர்ஸ்’ என்னும் மலைப் பிரதேசத்தில் புவிவெப்ப மின் நிலையங்கள் உள்ளன. அங்கு வெண்மையான நீராவித் தூண்கள் இயல்பாகவே எழும். ஒரே ஒரு படத்தைப் பார்ப்பவர் அதைத் தீயென்றே கூறுவார். நேற்றைய படத்தைப் பக்கத்தில் வைத்தால் ஐயம் தீரும்.

இவற்றுடன் காமிராவின் கண்ணாடியில் படிந்த நீர்த்துளி, அதன்மேல் ஊரும் பூச்சி, சிலந்தி நூல் ஆகியனவும் புகைபோல் நடிக்கும். இவை காட்டில் உள்ளவை அல்ல, காமிராவில் உள்ளவை. காமிரா திரும்பும்போது இவையும் உடன் திரும்புவதால் எளிதில் பிடிபடும்.

பலர் கூடினால் போதுமா?

ஒரே படத்தை மூவரிடம் அல்லது ஐவரிடம் காட்டிப் பெரும்பான்மையை ஏற்றுக்கொள்வது இத்துறையின் வழக்கம். இவ்வழக்கத்திற்குக் கணித ஆதாரம் உண்டு. பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதை விளக்கியுள்ளார். ஒவ்வொருவரும் நூற்றுக்கு 80 முறை சரியாகக் கூறுவதாகவும், ஒருவர் கருத்து மற்றவரைச் சாராததாகவும் கொண்டால், மூவரின் பெரும்பான்மை நூற்றுக்கு ஏறத்தாழ 90 முறை சரியாகும். ஐவரின் பெரும்பான்மை ஏறத்தாழ 94 முறை சரியாகும்.

இக்கணக்கைப் பார்த்து ஆட்களைப் பெருக்கினால் போதும், பயிற்சி வேண்டா என்று முடிவு செய்தல் பெருந்தவறு. கொந்தோர்சேயின் விதிக்கு மறுபக்கமும் உண்டு. மிக மெல்லிய நீலப்புகை உள்ள படமொன்றை எடுத்துக்கொள்வோம். பயிற்சியற்ற ஒவ்வொருவரும் அதை நூற்றுக்கு 40 முறையே புகையெனக் காண்பதாக வைத்துக்கொள்வோம். மூவரின் பெரும்பான்மை அதை 35 முறைதான் சரியாகக் காணும். ஆள் பெருகப் பெருகப் பிழையும் உறுதிப்படும். எல்லாரும் ஒரே அறியாமையைப் பகிர்ந்துகொண்டிருக்கையில் அவர்தம் ஒற்றுமை உண்மைக்குச் சான்று ஆகாது.

மெல்லிய புகையே தொடக்கத்தில் எழும் புகை. வானளாவிய கரும்புகையை எவரும் காண்பர். அதற்குள் தீ பெரிதாகிவிட்டது. அணைக்கத்தக்க நிலையிலுள்ள தீயின் படத்தில்தான் பயிற்சியற்ற பெரும்பான்மை தவறுகிறது. அத்தவறான குறியைப் பாடமாகக் கொண்ட கணிப்பொறியும் அத்தகைய புகையைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்கிறது. ஆகவே முதலில் பயிற்சி, பிறகு எண்ணிக்கை என்பதே முறை.

பயிற்சியின் படிகள்

எதைக் குறியிட வேண்டும் என்பதைத் திட்டமாக வரையறுத்து எழுதுதல் முதற்படி. ஆலையின் புகைபோக்கியிலிருந்து வருவது புகையே. அதைக் குறியிட வேண்டுமா? உழவர் அனுமதி பெற்றுத் தாளடியை எரிக்கும் புகையோ? முந்தைய நாள் தீயிலிருந்து வந்து வானில் பரவிக் கிடக்கும் மங்கலோ? இவற்றுக்கு விடை கூறாமல் பணியைத் தொடங்கினால், பணியாளர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி ஒவ்வொரு விடையளிப்பர். அது அவர் குற்றம் அன்று, கேள்வியின் குற்றம்.

இரண்டாம் படி, இணை இணையாக உதாரணங்களைக் காட்டுதல். புகையை மட்டும் நூறு முறை காட்டுவதைவிட, புகையையும் அதைப்போல் தோன்றும் பனியையும் அருகருகே பத்து முறை காட்டுதல் மேலானது. அப்போதுதான் வேறுபாடு மனத்தில் பதியும்.

மூன்றாம் படி, பயிலுநரை விடையளிக்கச் செய்து, உடனே திருத்துதல். ‘தவறு’ என்று மட்டும் கூறினால் பயன் இல்லை. ‘இதன் அடி சாலையில் நகர்கிறது, ஆகவே இது புழுதி’ என்று காரணமும் கூறப்பட வேண்டும். மறுநாள் வந்து சேரும் திருத்தத்தைவிட, படம் கண்முன் இருக்கும்போதே வரும் திருத்தம் ஆழப் பதியும்.

நான்காம் படி, தகுதித் தேர்வு. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. நூறு படங்களில் 10 மட்டுமே புகையுள்ளவை எனில், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ‘புகை இல்லை’ என்பவரும் 90 மதிப்பெண் பெறுவார். ஆகவே புகையைக் கண்ட விகிதத்தையும், பொய்யாகக் கூவிய விகிதத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

ஐந்தாம் படி, வேலை நடக்கும்போதே சோதித்தல். பொற்கொல்லர் பொன்னை உரைகல்லில் தேய்த்து மாற்று அறிவதுபோல, விடை முன்னரே உறுதி செய்யப்பட்ட படங்களைச் சாதாரணப் படங்களுக்கிடையே கலந்து வைப்பர். அவற்றுக்கு ஒருவர் அளிக்கும் விடையிலிருந்து அவருடைய கவனம் தெரியவரும். விடை தெரியாத படங்களிலும், பலருடைய விடைகளை ஒப்பிட்டு ஒவ்வொருவரின் பிழை விகிதத்தை மதிப்பிடும் முறையை டாவிட், ஸ்கீன் என்னும் புள்ளியியலார் 1979-இல் வகுத்தனர். மருத்துவர் பலரின் குறிப்புகள் தம்முள் வேறுபடும்போது உண்மையை ஊகிப்பதற்காக எழுந்த அம்முறை, இன்று இப்பணிக்கும் உதவுகிறது.

ஆறாவதாக, ‘புகை’, ‘புகை இல்லை’ என்ற இரு விடைகளோடு ‘ஐயம்’ என்ற விடைக்கும் இடமளித்தல் வேண்டும். ஐயமுள்ளவரைத் துணிந்து கூறும்படி கட்டாயப்படுத்தினால், அவருடைய ஊகம் அறிவுபோல் வேடமிட்டுத் தொகுப்பில் நுழைந்துவிடும். ஐயப்பட்ட படங்களும் கருத்து வேறுபட்ட படங்களும் அநுபவமுள்ள தீயணைப்போரிடம் செல்ல வேண்டும். அவை கழிவு அல்ல. அடுத்த பயிற்சிக்குரிய மிகச் சிறந்த பாடங்கள் அவற்றிலேயே உள்ளன.

அரிதானதைத் தேடும் இடர்

நன்கு பயின்றவர்க்கும் இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது, அரிதாக வருவதைக் கண் தவறவிடும். 2005-ஆம் ஆண்டு ஜெரமி உல்ப் என்னும் உளவியல் விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியோரும் இதைச் சோதனையால் காட்டினர். தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது, பார்வையாளர் அதை நூற்றுக்கு 7 முறை தவறவிட்டனர். அதே பொருள் நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 முறை தவறவிட்டனர். கண்ணின் கூர்மை குறையவில்லை. ‘இல்லை, இல்லை’ என்று சொல்லிப் பழகிய மனம் விரைவில் தேடலை நிறுத்திவிடுகிறது. காட்டுப் படங்களில் புகை மிக அரிது. ஆதலால் உறுதி செய்யப்பட்ட புகைப்படங்களைப் போதிய அளவு இடையிடையே கலந்து, மனத்தை விழிப்பாக வைத்திருத்தல் நலம்.

இரண்டாவது, களைப்பு. இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையைக் காத்திருந்த விமானப் படையினர் சிறிது நேரத்திற்குப் பின் குறிகளைத் தவறவிடுவது கண்டு, நார்மன் மாக்வொர்த் என்னும் ஆங்கிலேயர் ஒரு சோதனை செய்தார். சுற்றும் கடிகார முள் எப்போதாவது ஒருமுறை இரட்டிப்பாகத் தாவும். அதைக் கண்டு அறிவிக்க வேண்டும். முதல் அரைமணி நேரத்திற்குள்ளாகவே கவனம் தளர்ந்ததை 1948-இல் அவர் வெளியிட்டார். ஆகவே குறியிடும் வேலையைச் சிறு சிறு பகுதிகளாக்கி, இடையே ஓய்வு அளிப்பது சலுகை அன்று. வேலையின் தரத்திற்கு இன்றியமையாதது.

கூலியும் நீதியும்

படத்திற்கு இவ்வளவு என்று அளிக்கப்படும் கூலி மிகக் குறைவாயின், பணியாளர் விரைந்தே தீரவேண்டும். விரைந்து பார்க்கும் கண்ணுக்கு மெல்லிய புகை புலப்படாது. மேலும், இத்தகைய தளங்கள் சிலவற்றில், விடை தவறென்று கருதினால் வேலை கொடுத்தவர் கூலியை மறுக்கவும் கூடும். உரைகல்லே பழுதாயிருந்தால் என்னாவது? நிபுணர் கண்ணுக்குத் தப்பிய புகையைப் பணியாளர் ஒருவர் கண்டு கூறி, அதற்காகவே தண்டிக்கப்பட்டால், அடுத்த முறை அவர் கண்டதைக் கூறமாட்டார். நிபுணர் எதை விரும்புவாரோ அதையே கூறுவார். அன்றோடு அத்தொகுப்பு பயனற்றதாகிவிடும். எனவே பணியாளர் தம் விடைக்குக் காரணம் கூறி முறையிடவும், விடைப் பட்டியல் திருத்தப்படவும் வழி இருத்தல் வேண்டும். நேர்மையான ஏற்பாடே சரியான விடையைத் தரும் ஏற்பாடும் ஆகும்.

நம் நாட்டுக் கள ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும்

இந்தியாவில் காட்டுத்தீயைப் பற்றிய எச்சரிக்கை பெரிதும் செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004-ஆம் ஆண்டு முதல் ‘மோடிஸ்’ என்னும் கருவியின் துணையாலும், பின்னர் ‘விர்ஸ்’ என்னும் கருவியின் துணையாலும் தீ எச்சரிக்கைகளை மாநில வனத் துறைகளுக்கு அனுப்பி வருகிறது. இவை தேடுவது புகையை அன்று, வெப்பத்தை. விர்ஸ் கருவியின் ஒரு படப்புள்ளி தரையில் ஏறத்தாழ 375 மீட்டர் அளவினது. கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தில் எரிந்தால்தான் தீ அதற்குத் தெரியும். வயலில் எரியும் தாளடியும், சூளையின் அனலும் அதற்குத் தீயாகவே தோன்றக்கூடும்.

ஆகவே இங்கும் இறுதித் தீர்ப்பு கூறுவது களத்திலுள்ள கண்ணே. எச்சரிக்கை வந்த இடத்திற்குச் சென்று பார்த்த ஊழியர், ‘தீ உண்டு’ என்பதோடு நில்லாமல், இல்லையெனில் அங்கிருந்தது யாது என்பதையும் நாள், நேரம், இடத்துடன் எழுதி வைத்தல் வேண்டும். ‘பொய்’ என்ற ஒரு சொல்லைவிட ‘செங்கற்சூளை’ என்ற ஒரு சொல் மிகுந்த பயன் தரும். இன்றோ நாளையோ ஓர் இயந்திரத்திற்குப் பாடமாவது அத்தகைய குறிப்பே.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளியிலேயே ஒரு பயிற்சியாக நடத்தலாம். பள்ளியிலிருந்து தெரியும் ஒரு குன்றையோ தொடுவானத்தையோ நாள்தோறும் ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், இரண்டு வாரங்கள் படமெடுக்கச் செய்க. மாணவர் ஒவ்வொருவரும் மற்றவரைக் கலந்துகொள்ளாமல் ‘புகை’, ‘பனி’, ‘மேகம்’, ‘புழுதி’, ‘ஐயம்’ என்று குறிக்கட்டும். பிறகு குறிகளை ஒப்பிட்டு, வேறுபட்ட படங்களை மட்டும் வகுப்பில் விவாதிக்கச் செய்க. மேற்கூறிய ஐந்து கேள்விகளைக் கற்பித்தபின் மற்றொரு முறை குறிக்கச் செய்து, முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிக் காட்டுக. பயிற்சி கண்ணுக்கு என்ன செய்கிறது என்பதை மாணவர் தாமே கண்டறிவர். காட்டை அடுத்த ஊர்களில் அப்பயிற்சி வகுப்போடு முடியாது. கோடையில் ஒரு நாள் சரிவில் மெல்லிய நீலம் ஒன்று எழும்போது, அதைக் கண்டு வனக் காவலர்க்கு அறிவிக்கத் தெரிந்த சிறுவன் அல்லது சிறுமி அவ்வூரில் இருப்பர்.